கொல்லையில் கோழிக் கூண்டா? இடம் தப்பினால் முதலும் போச்சு!

நாட்டுக்கோழி முட்டை வாங்கிக் கட்டுப்படியாகவில்லை. "கொல்லையில் சும்மா கிடக்கிற இடத்தில் பத்துக் கோழி விட்டால் என்ன?" சென்னை புறநகர் வீடுகளில் இந்தப் பேச்சு அடிக்கடி கிளம்பும். சந்தையில் இருந்து கோழியும் வந்து இறங்கிவிடும். கூண்டு எங்கே? "அதோ, அந்த மூலையில் தள்ளு!"

அங்கேதான் வில்லங்கம்!

அந்த மூலை பெரும்பாலும் மனையிலேயே பள்ளமான மூலை. பாத்திரம் கழுவிய தண்ணீர் போய்ச் சேரும் இடம். மனுஷனுக்கு உதவாத இடம், கோழிக்கு மட்டும் எப்படி உதவும்?

மழையில் பாருங்க!

ஒரு நல்ல மழை பெய்யட்டும். குடையைப் பிடித்துக்கொண்டு கொல்லையைச் சுற்றி வாருங்கள். தண்ணீர் எங்கிருந்து ஓடி வருகிறது, எங்கே தேங்குகிறது என்று தெரிந்துவிடும். மழை விட்டதும் முதலில் காய்கிற மேடுதான் கூண்டுக்கு ஏற்ற இடம்.

ஈரத்தில் கிடக்கும் கோழிக்கு ரத்தக்கழிச்சல் வரும். குஞ்சுகள்தான் முதலில் சாகும். தரையில் பரப்பிய உமி நனைந்தால் கண் எரிகிற அளவுக்கு நெடி அடிக்கும்.

2015 டிசம்பரில் முடிச்சூர் பக்கம் வீட்டுக்குள்ளேயே வெள்ளம் புகுந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் மிதந்தன. இந்த மாதிரி தாழ்வான பகுதியில் தரையோடு தரையாகக் கூண்டு போட்டால் கோழிகள் அம்போதான். மேடு இல்லாவிட்டால் செங்கல் கால் கட்டி, அதன் மேல் கூண்டைத் தூக்கி வைக்க வேண்டும். கிணறு, போர் பக்கத்தில் வேண்டாம். கழிவுநீர்த் தொட்டி மூடி மேலும் வேண்டாம். தொட்டியைத் திறக்கிற நாளில் கூண்டை எங்கே கொண்டு போவீர்கள்?

கோழிக்கு வியர்க்காது

கத்திரி வெயில் நாளில் கோழி அலகைத் திறந்து மூச்சு வாங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு வியர்வை கிடையாது. மூச்சு இரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். சூடு தாங்காவிட்டால் தீனி குறையும். முட்டை குறையும். அப்புறம் கோழியே சாயும்.

அதனால் கூண்டின் நீளவாட்டம் கிழக்கு மேற்காக இருக்கட்டும். காலை வெயிலும் மாலை வெயிலும் குறுகிய பக்கத்தில்தான் படும். வடக்கும் தெற்கும் வலை அடித்துக் காற்றோட்டமாக விடலாம். வடகிழக்கு மழை சாரல் அடிக்கும் மாதங்களில் மட்டும் வடக்குப் பக்கம் படுதா தொங்கவிட்டால் போதும்.

மேற்கே ஒரு வேப்பமரம் இருந்தால் அதிர்ஷ்டம். முருங்கை நிழல் ஒன்றுக்கும் ஆகாது. கிளையும் பட்டென்று முறியும். எந்த மரமானாலும் கிளை கூரையைத் தொடக்கூடாது. பூனைக்கு அதுதான் ஏணி! தகரக் கூரை என்றால் மேலே தென்னங்கீற்று பரப்புங்கள்.

கீரி வந்தால்...

நாய் வந்தால் சத்தம் கேட்கும். கீரி வந்தால் கேட்காது. சின்னச் சந்து போதும், ஒரே ராத்திரியில் பல கோழிகளைக் கடித்துப் போட்டுவிடும். வேலிக்கு அடிக்கிற பெரிய கண் வலை இதற்குப் பயன்படாது. அரை அங்குலக் கண் வலையே வேண்டும். அதையும் ஒரு அடி மண்ணுக்குள் புதைக்க வேண்டும். பெருச்சாளி தோண்டிய பொந்து பக்கத்தில் இருந்தால் வேறு இடம் பார்ப்பது மேல்.

ரொம்பத் தள்ளி வைத்தால் காவல் இல்லை. சமையலறைக் கதவைத் திறந்தால் கூண்டு கண்ணில் பட வேண்டும். ராத்திரி கோழி அலறினால் காதில் விழ வேண்டும்.

பத்துக் கோழி அடைய 20 சதுர அடி போதும். பகலில் மேய 100 சதுர அடியாவது விடலாம். மேய்கிற இடத்தை இரண்டாகத் தடுத்து மாற்றி மாற்றி விட்டால் மண் காய்ந்து நோய் குறையும். இடம் எவ்வளவு நல்லதானாலும் வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்தை விட்டுவிடக் கூடாது. அந்த நோய் புகுந்தால் கூண்டே காலி.

பக்கத்து வீட்டு ஜன்னல்

மதில் ஓரமாக வைத்தால் ஒரு சுவர் மிச்சம்தான். மதிலுக்கு அந்தப் பக்கம் யாருடைய படுக்கையறை ஜன்னல் என்று பார்த்தீர்களா? நெடியும் ஈயும் நேரே அங்கேதான் போகும். பத்து முட்டைக்காகப் பத்து வருஷப் பழக்கம் கெடும். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் முதலிலேயே ஒரு வார்த்தை கேட்டுவிடுவது உத்தமம்.

சண்டைக்கு இன்னொரு காரணம், விடியும் முன்னே கூவும் சேவல். முட்டைக்குச் சேவல் தேவையே இல்லை! சேவல் இல்லாமலும் பெட்டை முட்டை இடும். அந்த முட்டை பொரிக்காது, அவ்வளவுதான். குஞ்சு பார்க்க ஆசையா? சேவல் உள்ள இடத்தில் முட்டை வாங்கி வந்து அடை வையுங்கள். 21 நாளில் பொரித்துவிடும். யார் வீட்டு முட்டை என்று அடைக்கோழி கேட்காது!