துளைக்கூட்டமும் அருவருப்பும்

இதழெல்லாம் உதிர்ந்தபின் தண்டிலே எஞ்சி நிற்கும் தாமரைப் பொகுட்டைப் பலரும் பார்த்திருப்பர். அதன் மேற்பரப்பிலே குழிகள் நெருங்கியிருக்கும். குழிதோறும் ஒரு விதை இருக்கும். பெரும்பாலோர்க்கு அது வெறுங் காய். சிலர்க்கோ அதனைக் கண்டவுடன் மயிர் கூச்செறியும், தோலின்மீது ஏதோ ஊர்வது போலிருக்கும், வயிறு குமட்டும். தேனடையும் கடற்பஞ்சுங்கூட இவர்களை வருத்துவதுண்டு.

இதற்கு 2005ஆம் ஆண்டளவில் 'டிரைப்போபோபியா' என்று பெயர் வழங்கலாயிற்று. கிரேக்கமொழிச் சொற்களால் ஆன அப்பெயர்க்குத் துளையச்சம் என்பது பொருள். 2013இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்து அறிஞர்களாகிய கோல், வில்கின்ஸ் என்போர் 286 பேருக்குப் பொகுட்டின் படத்தைக் காட்டினர். ஆண்களில் நூற்றுக்குப் 11 பேரும் பெண்களில் நூற்றுக்குப் 18 பேரும் அதனைக் காணச் சகியாதவராயினர். நீல வளையங்கள் கொண்ட நச்சு ஒக்டோபஸ் போன்ற உயிர்களின் மேனிக்கோலத்தோடு இத்துளைக்கூட்டம் ஒத்திருத்தலே காரணம் என்பது அவர்தம் கருத்து.

ஆயின், இது அச்சந்தானா? மெய்ப்பாடு எட்டென வகுத்த தொல்காப்பியர் அச்சத்தை வேறாகவும் இளிவரலை வேறாகவும் வைத்தார். இளிவரல் பிறக்கும் நிலைக்களன்களுள் பிணியையும் ஒன்றாக எண்ணினார். அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தார் 2018இல் வெளியிட்ட ஆய்வு இங்கு நினைக்கத்தக்கது. பாம்பின் படத்தைக் கண்டோரது கண்மணி விரிந்தது. துளைகளின் படத்தைக் கண்டபோதோ சுருங்கியது. அஞ்சிய உடல் ஓடுதற்கு ஆயத்தமாகும். அருவருத்த உடல் வாயிலை அடைத்துக்கொள்ளும்.

எதனை உட்புகாமல் தடுக்கிறது? நோயை என்றனர் கெண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குப்ஃபரும் லீயும். இவர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வில், தோற்கொப்புளம், வைசூரித் தழும்பு, உண்ணிக்கூட்டம் ஆகியவற்றின் படங்கள் எல்லோருக்குமே வெறுப்பூட்டின. பொகுட்டைக் கண்டும் வெறுத்தவர் இக்குறையுடையோர் மட்டுமே. ஆகவே இவர்களிடமுள்ளது புதுமையான உணர்ச்சியன்று. எல்லோரிடமுமுள்ள காவலுணர்ச்சியே வேண்டாவிடத்தும் கூவுகின்றது.

அக்காவலுணர்ச்சி ஆராய்ந்து பார்ப்பதில்லை. வைசூரி உலகினின்று ஒழிந்ததென 1980இல் அறிவிக்கப்பட்டது. அதன் தழும்பு எவரையும் தொற்றாது. சொரியாசிஸ் என்னும் தோல்நோயும் தொற்றுவதன்று. எனினும் அந்நோயாளருக்குப் பக்கத்து இருக்கை பஸ் வண்டியிலே வெறுமையாயிருத்தல் அரிதன்று. பொகுட்டைக் கண்டு குமட்டுவோரைப் பார்த்து நகைப்பவர்களே அவ்விருக்கையைத் தவிர்ப்பவர்களாகவும் இருக்கக்கூடும்.

அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட நோய்ப்பட்டியலில் துளையச்சம் தனிநோயாக இடம்பெறவில்லை. அதனால் குமட்டல் பொய்யாகிவிடாது. வெறுப்பூட்டும் படங்களைச் சிறிது சிறிதாகக் காட்டிப் பழக்கும் முறையை மருத்துவர் கையாளுவதுண்டு. அச்சமா அருவருப்பா என்னும் வினா வெறுஞ் சொல்லாராய்ச்சியன்று என்பது இங்கேதான் விளங்கும். அச்சம் இப்பழக்கத்தால் விரைவில் தணியும்; அருவருப்போ மெல்ல மெல்லத்தான் குறையும். ஆதலால் நோயாளரும் மருத்துவரும் கூடுதலான நாட்கள் பொறுத்திருத்தல் வேண்டும்.