ட்ரையாஜ்

ட்ரையாஜ் என்பது காயமடைந்தோர் ஒரே நேரத்தில் பெருமளவில் வந்து சேரும்போது, யாருக்கு முதலில் சிகிச்சை அளிப்பது என்று தரம் பிரிக்கும் முறை ஆகும். 'பிரித்தெடுத்தல்' எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொல் இது.

நெப்போலியனின் படை மருத்துவரான டொமினிக் ழான் லாரே (1766–1842) இதன் முன்னோடியாகக் கருதப்படுகிறார். பதவியைப் பாராமல் காயத்தின் கடுமையைப் பார்த்தே சிகிச்சை அளிக்க வேண்டும் என்றார் அவர். இக்கருத்து 1949 ஆம் ஆண்டின் முதலாம் ஜெனீவா உடன்படிக்கையில் சட்டமானது. அவசர மருத்துவக் காரணம் ஒன்றே சிகிச்சை வரிசையைத் தீர்மானிக்கலாம் என்கிறது அதன் 12 ஆம் பிரிவு. எதிரிநாட்டுக் காயம்பட்டோருக்கும் இது பொருந்தும்.

இன்று பேரிடர் களங்களில் வண்ண அட்டைகள் கட்டப்படுகின்றன. சிவப்பு உடனடிச் சிகிச்சைக்கு உரியது. மஞ்சள் அட்டை பெற்றவர் சற்றுக் காத்திருக்கலாம். பச்சை, எழுந்து நடக்கக் கூடியவருக்கு. இறந்தவருக்கும் பிழைக்க வாய்ப்பில்லாதவருக்கும் கருப்பு. சிக்கல் இந்தக் கருப்பில்தான் உள்ளது. வழக்கமான மருத்துவமனையில் மிக மோசமான நிலையில் இருப்பவரே முதலில் கவனிக்கப்படுவார். பேரிடரில் அவரே கடைசியாகலாம். எனினும் கருப்பு அட்டை தீர்ப்பு அன்று. உதவி வந்து சேர்ந்தால் மறுபடி தரம் பிரிக்க வேண்டும்.

நியூ ஆர்லியன்ஸ் நிகழ்வு

2005 ஆகஸ்ட் 29 அன்று கத்ரீனா சூறாவளி அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரைத் தாக்கியது. அங்கிருந்த மெமோரியல் மருத்துவமனையில் நோயாளிகளும் தஞ்சம் புகுந்தோருமாக ஏறத்தாழ 2000 பேர் வெள்ளத்தால் சூழப்பட்டனர். மின்னாக்கிகளும் நின்றன. கடும் வெப்பத்தில் நோயாளிகள் 1, 2, 3 எனப் பிரிக்கப்பட்டனர். மூன்றாம் பிரிவினர் கடைசியாகவே வெளியேற்றப்பட வேண்டியவர்கள்.

'இதயம் நின்றால் மீண்டும் இயக்க முயல வேண்டாம்' என்ற ஆணை உள்ளவர்களும் கடைசி வரிசையில் வைக்கப்பட்டனர். இது கடுமையான விமர்சனத்துக்கு உள்ளானது, அது நியாயமும்கூட. அந்த ஆணை இதயம் நின்ற பின் செய்யப்படும் சிகிச்சையைப் பற்றியது மட்டுமே. 'என்னைக் கடைசியாகக் காப்பாற்றுங்கள்' என்று அதில் யாரும் எழுதித் தரவில்லை.

பின்னர் அங்கிருந்து 45 உடல்கள் எடுக்கப்பட்டன. சிலவற்றில் மார்பின், மிடாசொலம் ஆகிய மருந்துகள் காணப்பட்டன. 2006 ஜூலையில் ஒரு மருத்துவரும் இரு செவிலியரும் கைது செய்யப்பட்டனர். வேதனையைத் தணிப்பதே நோக்கம் என்றார் மருத்துவர். 2007 இல் பெருநடுவர் குழு அவர்மீது குற்றம் சாட்ட மறுத்தது. 2008 இல் லூசியானா மாநிலம், பேரிடரில் பணிபுரியும் மருத்துவப் பணியாளர்களை வழக்குகளிலிருந்து காக்கும் சட்டங்களை இயற்றியது. வேண்டுமென்றே செய்யும் தவறுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

உறவினர்கள் தொடுத்த உரிமையியல் வழக்கு வேறு கேள்வியை எழுப்பியது: மின்சாரம் ஏன் நின்றது? மாற்று மின்னமைப்பின் சில பகுதிகள் வெள்ளம் எட்டும் தாழ்வான இடத்தில் இருந்தன. 2011 இல் மருத்துவமனையை நடத்திய நிறுவனம் 2.5 கோடி டாலர் தந்து சமரசம் செய்துகொண்டது.