ஒரு லாட்டு, ஒரு தெரு, ஒரு ராத்திரி

நாமே செய்யும் ஆட்டம் – 4

முதல் ரோல் பிளேயிங் கேமை (ஆர்.பி.ஜி.) செய்யத் துணிகிற பிள்ளைகளின் நோட்டைத் திறந்தால் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். பன்னிரண்டு ராஜ்ஜியங்களின் வரைபடம், நாற்பது வாள்களுக்குப் பெயர், நாயகனின் பாட்டன் காலத்தில் நடந்த போர். எழுதாமல் விட்டது ஒன்றே ஒன்றாக இருக்கும்: ஆட வந்தவர் முதல் ஐந்து நிமிடம் என்ன செய்வார்? அந்த ஐந்து நிமிடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

புதியம்புத்தூர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. ஓட்டப்பிடாரம் வட்டத்தில், சுற்றிலும் கரிசல் காடு கிடக்க, ரெடிமேட் துணியை நம்பி வாழ்கிற ஊர் அது. ஒரு லாட்டுக்கு, அதாவது ஒரே ஆர்டரின் எல்லா உருப்படிகளுக்கும், துணி வெட்டுவதற்கு முன்னால் ஒரு சாம்பிள் பீஸ் தைத்துப் பார்ப்பார்கள். கழுத்து, கை, பட்டன், ஓரம் எல்லாம் முடிந்த முழு உருப்படி அது. கையை மட்டும் நூறு தைத்து அடுக்கினால் சாம்பிள் ஆகாது. முதல் கேமும் அப்படித்தான். பேச்சு, முடிவெடுத்தல், அதன் விளைவு, கொஞ்சம் வளர்ச்சி, கடைசித் திரை எல்லாம் அதில் இருக்க வேண்டும். எல்லாமே பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடலாம்.

பாஞ்சாலங்குறிச்சி பக்கத்திலேயே இருப்பதால் இந்தப் பகுதிப் பிள்ளைகள் பலருக்குக் கட்டபொம்மன் கேம்தான் கனவு. கோட்டை, குதிரை, பீரங்கி, 1799-இல் கயத்தாற்றுத் தூக்கு வரைக்கும். செய்ய வேண்டிய கேம்தான் அது, சந்தேகமே இல்லை. ஆனால் முதலாவதாகச் செய்ய வேண்டியது அது இல்லை. அதில் கால்வாசி முடிவதற்குள் ஆசை வற்றிப்போகும். அப்படி வற்றிப்போவதை நினைத்தாலே எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஜப்பானில் யூஜி ஹோரி 'டிராகன் குவெஸ்ட்' செய்தபோது அவருக்கும் இதே சிக்கல்தான். 1986-இல் அந்நாட்டுச் சிறுவர்களில் பெரும்பாலோருக்கு ஆர்.பி.ஜி. என்றால் என்னவென்றே தெரியாது. 'விசார்ட்ரி', 'அல்டிமா' ஆகிய அமெரிக்க கேம்களைக் கம்ப்யூட்டரில் ஆடியவர்கள் கொஞ்சப் பேர்தான். கையில் இருந்த கேசட்டின் மொத்தக் கொள்ளளவு 64 கிலோபைட். இன்று போனில் எடுக்கிற ஒரே ஒரு படம் அதைவிடப் பல மடங்கு பெரியது. ஹோரி என்ன செய்தார் என்றால், நாயகனை மன்னரின் அறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். உள்ளே சில பெட்டிகள், ஒரு கதவு, படிக்கட்டு, பேசுவதற்கு ஆட்கள். பெட்டியைத் திறந்தால்தான் சாவி, சாவி இருந்தால்தான் கதவு, கதவு திறந்தால்தான் படி. வெளி உலகத்துக்குக் காலெடுத்து வைப்பதற்குள் பேசு, எடு, திற, இறங்கு என்ற நான்கையும் ஆடுகிறவர் கற்றுவிடுவார். கேம் செய்யக் கற்கிற ஒவ்வொருவரும் அந்த ஒற்றை அறையை ஒரு முறை உட்கார்ந்து ஆடிப்பார்க்க வேண்டும். புத்தகம் நாலு படிப்பதைவிட அது மேல்.

அறை முடிவானதும் வருகிற அடுத்த கேள்விதான் என்னைப் பொறுத்தவரை எல்லாவற்றிலும் பெரியது. உங்கள் கேம் எதை எண்ணப்போகிறது?

ஆர்.பி.ஜி. என்கிற வடிவமே எண்களால் ஆனது. 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' வெளியிட்டபோது ஒரு மனிதனின் பலம், அறிவு, சாதுரியம் எல்லாவற்றையும் காகிதத்தில் எண்களாக எழுதினார்கள். மேசையில் பகடை உருட்டி ஆடிய அந்த ஆட்டத்திலிருந்துதான் உயிர்ப் புள்ளி, பொற்காசு, அனுபவப் புள்ளி என்கிற வரிசை கம்ப்யூட்டருக்குள் வந்தது. நாமும் யோசிக்காமல் அதையே எடுத்து வைத்துக்கொள்கிறோம். கரிசல் காட்டில் ஒரு குடும்பத்தின் உயிர்ப் புள்ளி எது? மானாவாரி நிலத்தில் ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பி உளுந்தும் பாசியும் பருத்தியும் விதைக்கிறவருக்கு எது கூடினால் பலம், எது குறைந்தால் தோல்வி? இதற்குப் பதில் சொல்லத் தெரிந்தவர் கலிஃபோர்னியாவில் இல்லை. இங்கேதான் இருக்கிறார்.

இந்தக் கேள்வியை இந்தியாவில் முன்பே கேட்டவர்கள் உண்டு. 2014-இல் பைரோடாக்டில் கேம்ஸ் வெளியிட்ட 'அன்ரெஸ்ட்' ஓர் ஆர்.பி.ஜி. பழங்கால இந்தியாவை ஒத்த கற்பனை நகரம் பீம்ரா, அங்கே பஞ்சம். ஐந்து பேராக மாறி மாறி ஆட வேண்டும். சண்டை உண்டு, ஆனால் வாளைத் தூக்கினால் லேசில் தப்ப முடியாது, பேசித் தீர்ப்பதுதான் வழி. பஞ்சத்தைக் கதையின் பின்னணியாக வைக்காமல் ஆடுகிறவரின் முடிவுகளுக்குள் கொண்டுவந்த துணிச்சலுக்காகவே அதை மதிக்கிறேன்.

சரி, நாமும் ஒன்றை எழுதிப் பார்ப்போம். இடம் புதியம்புத்தூரில் ஒரு தெரு. காலம் தீபாவளிக்கு முந்தின வாரம், மாலை ஆறிலிருந்து நள்ளிரவு பன்னிரண்டு. நாயகி செல்வி, வீட்டில் ஒரே ஒரு தையல் மெஷின். பன்னிரண்டுக்குள் நாற்பது கவுன் முடித்துக் கொடுக்க வேண்டும். ஒரு முறைக்கு ஒரு மணி நேரம் என்று வைத்தால் ஆறு முறை. மணிக்கு ஆறு பீஸ் தைப்பாள். ஆறாறு முப்பத்தாறு. நாலு குறைகிறது.

கதை அந்த நாலில்தான் பிறக்கிறது. நீங்கள் இன்னும் ஒரு வசனம்கூட எழுதவில்லை, அதற்குள் ஆடுகிறவருக்குக் கவலை வந்துவிட்டது.

இப்போது நூல். மூன்று கோன் இருக்கிறது, ஒரு கோனுக்குப் பதினைந்து பீஸ். (நிஜத்தில் ஒரு கோன் இதைவிட வெகுதூரம் வரும். கேமுக்காகக் கணக்கைச் சுருக்கிக்கொள்கிறோம், சுருக்கத்தான் வேண்டும்.) பக்கத்து வீட்டு மதினிக்கு நூல் தீர்ந்துவிட்டது, அவள் லாட்டில் ஐந்து பீஸ் பாக்கி. வாசலில் வந்து நிற்கிறாள்: "ஏ செல்வி, ஒரு கோன் இருந்தாக் குடேன். என் வேலய முடிச்சிட்டு ஒனக்கும் பத்து தச்சித் தாரேன்." கொடுத்தால் செல்வியிடம் முப்பது பீஸுக்கு நூல் மிஞ்சும். முப்பதும் பத்தும் நாற்பது. ஐந்து மணி நேரத்தில் தன் பங்கு முடிந்துவிடும், ஒரு மணி நேரம் மிச்சம். கரண்ட் போனாலும் தாங்கும்.

இப்படியே விட்டால் கேம் கெட்டுப்போகும். கொடுப்பதுதான் லாபம் என்று கணக்கே சொல்லிவிட்டால் அங்கே முடிவெடுக்க ஒன்றுமில்லை. ஆகவே கொடுப்பதற்கும் ஒரு விலை வைக்க வேண்டும். கட்டிங் மாஸ்டர் காலையிலேயே சொல்லியிருக்கிறார்: "வேற கை படக் கூடாது பிள்ள, செக்கிங்ல தையல் மாறினா லாட்டே திரும்பி வந்துரும்." இப்போது செல்வியின் முன்னால் இரண்டு பயம் இருக்கிறது. நாலு பீஸ் குறைந்து பேர் கெடலாம், அல்லது வேறு கையின் தையல் பிடிபட்டுப் பேர் கெடலாம். மதினியைத் திருப்பி அனுப்பினால் நாளைக்கு அவள் முகத்தில் விழிக்க வேண்டும் என்பது தனி. நீங்கள் எண்ண வேண்டியவை நான்கே: நேரம், நூல், பீஸ், பேர். வாள், மந்திரம், ராட்சசன் எதுவும் வேண்டாம். இது முழு ஆர்.பி.ஜி. தான்.

லாட்டு பிடிபடுமா, கரண்ட் போகுமா என்பதை யார் தீர்மானிப்பது? அதற்கு நம் வீட்டுப் பரணில் தாயக்கட்டை கிடக்கிறது. ஒவ்வொரு கட்டையிலும் நான்கு முகம்: ஒன்று, இரண்டு, மூன்று, வெறுமை. இரண்டு கட்டையையும் உருட்டினால் பதினாறு விதமாக விழலாம். அதில் தாயம், அதாவது ஒன்று, இரண்டு விதத்தில்தான் வரும், எட்டில் ஒரு பங்கு. மூன்று வருவது நான்கு விதத்தில், அதாவது நாலில் ஒரு பங்கு. ஆறும், இரண்டு கட்டையும் வெறுமையாக விழுகிற பன்னிரண்டும் பதினாறில் தலா ஒரே தடவை. ஒவ்வொரு மணிக்கும் உருட்டி, தாயம் விழுந்தால் கரண்ட் போகிறது என்று வையுங்கள். வேறு கை பட்டிருந்தால் கடைசியில் செக்கிங்குக்கு ஒரே உருட்டு, மூன்று விழுந்தால் லாட்டு திரும்புகிறது. நிகழ்தகவைப் பள்ளியில் வெறுத்தவர்கள்கூட இரண்டு முறை ஆடிய பிறகு எண்ணை மாற்றிப் பார்க்கத் தொடங்குவார்கள். கேம் வடிவமைப்பு என்பது பெரும்பகுதி இந்த மாற்றிப்பார்த்தல்தான்.

ஆக, முதல் பதிப்பு காகிதத்தில். ஒரு தாளில் நான்கு கட்டம், புளியங்கொட்டை கொஞ்சம், தாயக்கட்டை, வசனம் எழுதிய சீட்டுகள். கம்ப்யூட்டரைத் தொடவே வேண்டாம். காகிதத்தில் சலிப்பூட்டுவதை எந்த கிராஃபிக்ஸும் காப்பாற்றாது.

வளர்ச்சியை மறந்துவிடக் கூடாது. லெவல் ஏறுவது என்றால் என்ன? தையல் தொழிலில் படிகள் தெளிவாகவே இருக்கின்றன: நூல் பிசிறு வெட்டுவது, பட்டன் கட்டுவது, நேர்த் தையல், பிறகு கழுத்தும் காலரும், ஓவர்லாக். எனக்கு இன்னொரு படியும் பிடிக்கும். முதல் நாள் "ஏ பிள்ள" என்று கூப்பிட்ட மாஸ்டர் லாட்டு சுத்தமாக வந்த மறுநாள் "வாம்மா செல்வி" என்கிறார். திரையில் எண் எதுவும் மாற வேண்டாம், இங்கே பிறந்தவருக்கு அது புரியும்.

சின்னதாகச் செய்வது எளிய வேலை என்றோ மட்டமான வேலை என்றோ யாரும் நினைத்துவிடக் கூடாது. டொரன்டோவில் விசை கேம்ஸ் செய்து 2023-இல் வெளியிட்ட 'வெண்பா' எத்தனை பெரியது? ஒன்றரை மணி நேரத்தில் ஆடி முடித்துவிடலாம். 1980களில் கனடாவுக்குப் போன ஒரு தமிழ்க் குடும்பம், அம்மாவின் சமையல் நோட்டு, அதில் அழிந்துபோன வரிகள். முதல் சமையலே இட்லி. ஆவி மேலே ஏற வேண்டுமானால் தட்டுகளை எப்படி அடுக்க வேண்டும் என்று ஆடுகிறவரே கண்டுபிடிக்க வேண்டும். அது ஆர்.பி.ஜி. இல்லை, கதையும் சமையலும் சேர்ந்த ஆட்டம். ஆனாலும் நமக்கு அதுவே நெருங்கிய பாடம், ஏனென்றால் நம் அடுப்படியில் உள்ள அறிவையே புதிராக மாற்றியிருக்கிறார்கள். 2024-இல் சிறந்த அறிமுக கேமுக்கான பாஃப்டா விருது அதற்குக் கிடைத்தது. 'அண்டர்டேல்' என்ற ஆர்.பி.ஜி.யைச் செய்த டோபி ஃபாக்ஸும் முதலில் 2013-இல் தொடக்கப் பகுதியை மட்டும் மாதிரியாக வெளியிட்டார். முழு கேம் வந்தது 2015-இல்தான்.

கம்ப்யூட்டரில் கேம் செய்கிற மென்பொருளான என்ஜின் எது என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாகவே சொல்கிறேன். ஆர்.பி.ஜி. மேக்கர் காசு கொடுத்து வாங்க வேண்டியது, வேலை சீக்கிரம் நடக்கும். கான் காவ் 2011-இல் 'டு தி மூன்' என்ற கேமைச் செய்தது அதில்தான், அதில் சண்டை கிட்டத்தட்ட இல்லவே இல்லை. அர்ஜென்டினாவில் பிறந்த கோடோ முழு இலவசம், 2014 முதல் திறந்த மூலம், ஆண்ட்ராய்டு போனிலேயே ஓடுகிற எடிட்டரும் உண்டு. வீட்டில் லேப்டாப் இல்லாத பிள்ளையும் தொடங்கலாம் என்பதால் இந்தத் தொடரில் கோடோவையே எடுத்துக்கொள்கிறோம்.

என்ஜினைவிட அதிகம் தொல்லை தரப்போவது தமிழ் எழுத்து. இதை வெளிநாட்டுப் பாடங்கள் எதுவும் சொல்லித் தராது. கோடோவின் 3-ஆம் பதிப்பில் 'செல்வி' என்று அடித்தால் கொம்பு 'ச'வுக்குப் பின்னால் போய் விழும். 2023-இல் வந்த 4-ஆம் பதிப்பில்தான் இது சரியானது. ஆகவே பழைய பதிப்பைத் தொடாதீர்கள். நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற இலவச எழுத்துருவை கேமுக்குள்ளேயே சேர்த்துவிடுங்கள். அடுத்தது, ஆர்.பி.ஜி.க்களில் வசனம் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டித் தட்டி வரும் அல்லவா? கம்ப்யூட்டரின் கணக்கில் 'கோ' என்பது இரண்டு குறியீடு, 'ன்' என்பதும் இரண்டு. அப்படியே தட்ட விட்டால் 'கோன்' என்ற சொல் 'க', 'கோ', 'கோன', 'கோன்' என்று துடித்துத் துடித்து வரும். சொல் சொல்லாக வரவையுங்கள், கண்ணுக்கு இதமாக இருக்கும்.

இன்னொன்றும் உண்டு. ஆங்கில கேம்களில் ஆடுகிறவர் தன் பெயரை அடித்துக்கொள்ளலாம், ஆணா பெண்ணா என்று தேர்ந்துகொள்ளலாம். தமிழில் பெயரை ஒட்டவைத்தால் வேற்றுமை உருபு இடிக்கும். செல்விக்கு 'செல்வியை', மீனாவுக்கு 'மீனாவை', முருகனுக்கு 'முருகனை'. வந்தாளா, வந்தானா, வந்தாரா என்று ஒவ்வொரு வினையும் மாறும். அக்கா, மதினி, அண்ணாச்சி, சித்தி என்று எதிரில் நிற்பவரின் அழைப்பும் மாறும். ஒரு வசனத்தை ஐந்து விதமாக எழுத வேண்டிவரும். முதல் கேமில் நாயகியின் பெயரையும் உறவையும் நீங்களே தீர்மானித்துவிடுங்கள். மிச்சப்படும் உழைப்பை வசனத்தில் போடலாம். பேச்சு வழக்குக்கு கி. ராஜநாராயணன் தொகுத்த கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கோவில்பட்டிக்கு அருகே இடைசெவலில் பிறந்தவர் நமக்காகச் சேர்த்துவைத்த சொத்து அது. ஆனால் அகராதிச் சொல்லைக் காட்டவேண்டும் என்பதற்காக வசனம் எழுதாதீர்கள். வாசலில் உட்கார்ந்து காது கொடுத்தால் போதும், வரிகள் தானாக வரும்.

அடுத்த இதழுக்குள் காகித ஆட்டத்தைத் தெருவில் மூன்று பேரை ஆட வையுங்கள். ஒருவராவது தையல் வேலை செய்கிறவராக இருக்கட்டும். அவர் ஆடும்போது வாயைத் திறக்காதீர்கள், விதியை மட்டும் சொல்லுங்கள். எந்த இடத்தில் கை தயங்குகிறது, எந்த இடத்தில் "இப்படியெல்லாம் நடக்காதுப்பா" என்கிறார், மதினிக்கு நூல் கொடுக்கிறாரா என்று குறித்துக்கொள்ளுங்கள். மூன்று பேரும் நூல் கொடுக்க மறுத்தால் செக்கிங் எண்ணை மூன்றிலிருந்து நாலுக்கோ ஆறுக்கோ மாற்றி மறுபடி ஆட வையுங்கள். அந்தத் தாளோடு வாருங்கள். செல்வியின் வீட்டுக் கதவையும் அவள் மெஷினையும் கோடோவில் சாம்பல் நிறக் கட்டங்களாக வைத்து, அவளை ஆறு அடி நடக்கவைப்போம்.