ஓர் அச்சுப்பொறி, நான்கு கணினிகள்: குறைந்த செலவில் இணைப்பது எப்படி?

ஏ9 வீதியில் மாத்தளைக்கும் தம்புள்ளைக்கும் இடையே உள்ள நாவுல நகரில், ஒரு சிறு அலுவலகத்தின் கணினிகளை நான் பராமரிக்கிறேன். காணி விண்ணப்பம், பிறப்பு அத்தாட்சிப் பத்திரக் கோரிக்கை, காணாமல் போனோர் பற்றிய அலுவலகத்துக்கான கடிதம் எல்லாம் அங்கே ஒரே அச்சுப்பொறியில்தான் வெளிவர வேண்டும்.

கோப்பை பென்டிரைவில் கொண்டுபோய் வேறு கணினியில் திறக்கும்போது, அதில் பாமினி எழுத்துரு இல்லையென்றால் தமிழ் முழுவதும் ஆங்கில எழுத்துக் குவியலாகிவிடும். அவசரத்தில் மீண்டும் தட்டச்சுச் செய்து பெயரில் ஓர் எழுத்துப் பிசகினால், அது அடையாள அட்டையுடன் பொருந்தாது. சத்தியக் கடதாசிக்கு அலைவது அந்தக் குடும்பம்தான். எழுதிய கணினியிலிருந்தே அச்சிட முடிந்தால் இந்தச் சிக்கல் இல்லை. அதற்கு நான்கு வழிகள் உண்டு.

முதலாவது, செலவே இல்லாதது. அச்சுப்பொறி பூட்டியிருக்கும் கணினியின் விண்டோஸில் அதைப் பகிர்வதற்கு அனுமதித்தால் போதும். ஆனால் அந்தக் கணினி எப்போதும் இயங்க வேண்டும்.

இரண்டாவது, ரூட்டரில் யுஎஸ்பி துளை இருந்தால் அதில் இணைப்பது. எல்லா ரூட்டரிலும் இந்த வசதி இல்லை. அச்சிடுதல் நடந்தாலும் ஸ்கான் செய்வது பெரும்பாலும் நடக்காது.

மூன்றாவது, ராஸ்பெரி பை போன்ற உள்ளங்கை அளவுக் கணினியில் கப்ஸ் என்ற இலவச மென்பொருளை நிறுவுவது. சில வாட் மின்சாரமே செல்லும். பல அச்சுப்பொறிகளை இணைக்கலாம். உங்கள் மாதிரிக்கு லினக்ஸ் இயக்கி உண்டா என்பதை முதலில் பாருங்கள்.

நான்காவது, வலையமைப்பு வசதியுள்ள அச்சுப்பொறி. பழையது பழுதாகிப் புதிதாக வாங்கும்போது மட்டும் இதைத் தெரிவு செய்யுங்கள். வைஃபையை விட வயர் இணைப்பு நம்பகமானது.

இரண்டு மூன்று கணினிகள் மட்டும் என்றால் முதல் வழியே போதும் என்பது என் கருத்து. நாள் முழுவதும் ஒரு கணினியை இயக்கி வைக்க முடியாத இடத்துக்கு மூன்றாவது பொருந்தும். கடைசி இரண்டு வழிகளிலும் ரூட்டரில் அந்தக் கருவிக்கு நிலையான முகவரி ஒதுக்குங்கள். இல்லாவிட்டால் மின்சாரம் போய் வந்தபின் முகவரி மாறி, அச்சுப்பொறி காணாமல் போனதுபோல் தோன்றும்.

மலிவு பார்க்கும்போது பாதுகாப்பையும் பார்க்க வேண்டும். 2018 இல் உலகெங்கும் இணையத்துக்குத் திறந்து கிடந்த ஆயிரக்கணக்கான அச்சுப்பொறிகளில், முன்பின் தெரியாத ஒருவர் தான் விரும்பியதை அச்சிட வைத்தார். ஆகவே தொழிற்சாலைக் கடவுச்சொல்லை மாற்றுங்கள். வெளியிலிருந்து அச்சுப்பொறியை அடைய ரூட்டரில் வழி திறக்காதீர்கள். வருவோருக்குக் கொடுக்கும் வைஃபை வேறாக இருக்கட்டும்.

பெரிய போட்டோக் கொப்பி இயந்திரங்கள் பலவற்றுள் ஹார்ட் டிஸ்க் உண்டு. பிரதி எடுத்த பக்கங்கள் அதில் தங்கலாம். வாடகை இயந்திரங்களின் டிஸ்கை அழிக்காமல் திருப்பிக் கொடுத்த அமெரிக்க மருத்துவக் காப்புறுதி நிறுவனம் ஒன்று, 2013 இல் 12 இலட்சம் டொலருக்கு மேல் செலுத்த நேர்ந்தது. நம் அலுவலகங்களில் பிரதியாவது உறவுகளைத் தேடுவோரின் பெயரும் முகவரியும். இயந்திரத்தை விற்கவோ திருப்பிக் கொடுக்கவோ முன், டிஸ்கை அழித்துவிட்டதை உங்கள் கண்ணாலேயே உறுதிசெய்யுங்கள்.