தாயகம் திரும்பும் குடும்பம்

வேலையின் பொருட்டு அயல்நாட்டில் பல ஆண்டுகள் வாழ்ந்த குடும்பம் சொந்த ஊருக்கு வந்து நிலையாகக் குடியமர்வது தாயகம் திரும்பல் எனப்படும். வீடு பார்ப்பது, பள்ளியில் சேர்ப்பது, வங்கிக் கணக்கை மாற்றுவது ஆகியவை சில மாதங்களில் முடிந்துவிடும். மனம் ஊன்றுவதற்கு அதைவிட அதிகக் காலம் ஆகும். குடும்பம் ஒன்றாக வந்து இறங்கினாலும், பெற்றோர் தமக்குத் தெரிந்த ஊருக்குத் திரும்புகிறார்கள். பிள்ளைகளோ புதியதோர் ஊருக்குக் குடிபெயர்கிறார்கள். இந்த வேறுபாட்டை உணர்ந்துகொண்டால் பல சிக்கல்கள் எளிதாகும்.

பின்னணி

தமிழர்களுக்குத் தாயகம் திரும்பல் புதிதன்று. 1960களில் பர்மாவிலிருந்து ஏராளமான தமிழ்க் குடும்பங்கள் திரும்பின. 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி, இலங்கையிலிருந்து 5,25,000 பேரை ஏற்க இந்தியா ஒப்புக்கொண்டது. அவர்களுள் பலர் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். 'தாயகம் திரும்பியோர்' என்று அழைக்கப்பட்ட அவர்கள், அந்தத் தாயகத்தை அதற்கு முன் கண்டதே இல்லை.

இன்று திரும்புவோரில் வளைகுடா நாடுகளில் பணியாற்றியோர் கணிசமானவர்கள். அங்கு வேலைக்குச் செல்வோர் பொதுவாகக் குடியுரிமை பெறுவதில்லை. ஆகவே, என்றாவது ஒருநாள் திரும்ப வேண்டும் என்பது தொடக்கத்திலேயே தெரியும். இவர்களின் நிலை அன்றைய அகதி வாழ்வு போன்றதன்று. எனினும், அயல்மண்ணில் பிறந்த குழந்தைக்குத் 'தாயகம்' என்ற சொல் பெற்றோரின் ஊரைத்தான் குறிக்கிறது என்பதில் மாற்றமில்லை.

மீள்வரவு அதிர்ச்சி

புதிய நாட்டுக்குச் செல்பவருக்கு ஏற்படும் தடுமாற்றத்தைப் 'பண்பாட்டு அதிர்ச்சி' என்று 1960இல் விளக்கி எழுதினார் மானிடவியலாளர் கலெர்வோ ஓபர்க். சொந்த நாடு திரும்பும்போதும் அதே ஏற்ற இறக்கம் மீண்டும் நிகழ்கிறது என்று 1963இல் ஜான் கல்லகார்ன், ஜீன் கல்லகார்ன் ஆகியோர் எடுத்துக்காட்டினர். முதலில் மகிழ்ச்சி, பிறகு சலிப்பு, அதன்பின் மெல்லப் பழகுதல் என்பது இதன் போக்கு.

நம் குடும்பங்களில் இதை எளிதில் காணலாம். விடுமுறையில் வந்தபோது விருந்தாக இருந்த உறவினர் வருகை, நிலையாக வந்தபின் அன்றாடம் ஆகிறது. மின்தடையும் வாகன இரைச்சலும் எரிச்சல் தருகின்றன. 'அங்கே இப்படி இல்லை' என்ற பேச்சு வீட்டில் அடிக்கடி எழுகிறது. வெளிநாடு செல்பவர் சிரமத்தை எதிர்பார்த்தே செல்கிறார். சொந்த ஊருக்கு வருபவர் அதை எதிர்பார்ப்பதில்லை. அதனாலேயே இந்த அதிர்ச்சி வலிமையாகத் தாக்குகிறது.

பிள்ளைகளின் மொழி

பெற்றோரின் பண்பாட்டுக்கு வெளியே வளரும் பிள்ளைகளை 'மூன்றாம் பண்பாட்டுக் குழந்தைகள்' என்று அழைத்தவர் சமூகவியலாளர் ரூத் யூசீம். 1950களில் இந்தியாவில் வாழ்ந்த அமெரிக்கக் குடும்பங்களை ஆராய்ந்தபோது அவருக்குக் கிடைத்த கருத்து இது.

இத்தகைய குழந்தை தமிழ் பேசும். ஆனால் படிக்கத் தெரியாமல் இருக்கலாம். 'வந்தாங்க' என்று கேட்டுப் பழகிய குழந்தைக்குப் புத்தகத்தில் உள்ள 'வந்தார்கள்' வேறொரு மொழி போலத் தோன்றும். ல, ள, ழ வேறுபாடும் ர, ற வேறுபாடும் எழுதும்போது குழப்பும்.

ஆசிரியர்களும் உறவினர்களும் தவறாகப் புரிந்துகொள்ளும் செய்தி ஒன்று உண்டு. வெளிநாட்டில் அக்குழந்தையிடம் தமிழ் பேசியவர்கள் பெரும்பாலும் தாயும் தந்தையும்தான். அவர்கள் குழந்தையை 'நீ' என்றே அழைத்தார்கள். அதைக் கேட்டு வளர்ந்த குழந்தை தாத்தாவையும் 'நீ எங்கே போறே?' என்று கேட்கிறது. இது மரியாதைக் குறைவன்று. 'நீங்க' என்ற வழக்கை அது போதிய அளவு கேட்கவில்லை, அவ்வளவே. பலர் முன்னிலையில் கண்டித்தால் குழந்தை தமிழில் பேசுவதையே நிறுத்திவிடும். பெரியவர்கள் தமக்குள் 'வாங்க, போங்க' என்று பேசுவதைக் கேட்கவிட்டால் தானே திருத்திக்கொள்ளும்.

எழுத்தைக் கற்பிக்கும்போது 247 என்ற எண்ணைச் சொல்லி அச்சுறுத்த வேண்டியதில்லை. 12 உயிர், 18 மெய், ஆய்தம் ஆகிய 31 எழுத்துகளையும் உயிர்மெய்க் குறிகளையும் அறிந்தால், எஞ்சியவை சேர்க்கையால் வருபவை. பேருந்துப் பலகையும் கடைப்பெயரும் நல்ல பாடங்கள். நாள்தோறும் 20 நிமிடம் போதும். ஆனால் தவறாமல் நடக்க வேண்டும்.

பள்ளி மாற்றம்

திரும்பும் காலத்தைப் பிள்ளையின் வகுப்பை வைத்தும் முடிவு செய்வது நல்லது. மத்திய இடைநிலைக் கல்வி வாரியப் பள்ளிகளில் 9, 11 ஆகிய வகுப்புகளில் தேர்வுக்கான பதிவு நடைபெறுகிறது. 10, 12ஆம் வகுப்புகளில் நேரடியாகச் சேர்வது கடினம். மாநிலப் பாடத்திட்டத்தில் சேர்ப்பதாயின், 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டத்தை நினைவில் கொள்ள வேண்டும். அச்சட்டத்தின்படி தமிழ் பாடமாகக் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. எனவே சேர்க்கைக்கு முன்பே குழந்தையின் தமிழ் நிலையைத் தலைமையாசிரியரிடம் மறைக்காமல் கூறிவிட வேண்டும். மாற்றுச் சான்றிதழை அயல்நாட்டை விட்டுக் கிளம்புமுன் உரிய சான்றொப்பத்துடன் பெறுவது அலைச்சலைத் தவிர்க்கும்.

பெரியவர்களின் நிலை

அங்கு தனியாக வாகனம் ஓட்டி, வேலைக்கும் சென்றுவந்த பெண், இங்குக் கூட்டுக்குடும்பத்தில் ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்ல வேண்டியவராகிறார். வேலையை விட்டு வந்த ஆணிடம் உறவினர்கள் இன்னும் 'வெளிநாட்டுப் பணத்தை' எதிர்பார்க்கிறார்கள். வருமானம் குறைந்ததை அவர் வெளியே சொல்லத் தயங்குகிறார். வீட்டு முதியவர்களும் பல ஆண்டுகள் தனியே ஒரு நடைமுறையில் வாழ்ந்து பழகியவர்கள். மூன்று தலைமுறையும் சமையலறை, வரவு செலவு, பிள்ளை வளர்ப்பு ஆகியவற்றைத் தொடக்கத்திலேயே வெளிப்படையாகப் பேசிக்கொள்வது மனக்கசப்பைத் தடுக்கும்.

ஆவணங்களும் பணமும்

இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர் 182 நாள் காத்திராமலே ஆதாருக்கு விண்ணப்பிக்கலாம். நிலையாகத் திரும்பியதை வங்கிக்குத் தெரிவித்து, என்.ஆர்.இ., என்.ஆர்.ஓ. கணக்குகளை உள்நாட்டுக் கணக்காக மாற்ற வேண்டும். முந்தைய 10 ஆண்டுகளில் 9 ஆண்டுகள் வெளிநாடுவாழ் இந்தியராக இருந்தவருக்கு வருமான வரியில் ஓர் இடைநிலைத் தகுதி கிடைக்கும். அது நீடிக்கும் காலத்தில் அயல்நாட்டிலேயே ஈட்டும் வருமானத்திற்கு இங்குப் பொதுவாக வரி இல்லை. வருகை நாளைக் குறிக்கும்முன் கணக்காயரைக் கலந்துகொள்வது நன்று.

வேரூன்றுதல்

பழைய ஊரை மறந்தால்தான் புதிய ஊர் ஒட்டும் என்பது தவறான எண்ணம். பர்மாவிலிருந்து திரும்பியோர் அத்தோவைக் கைவிடவில்லை. சென்னையே அதை ஏற்றுக்கொண்டது. பிள்ளை அங்குள்ள நண்பனுடன் பேசட்டும். அங்குண்ட உணவைக் கேட்டால் செய்துகொடுக்கலாம். 'இதுதான் உன் ஊர்' என்று வற்புறுத்துவதை விட, தெருவில் ஒரு விளையாட்டுத் தோழனைத் தேடித் தருவது பயன் தரும். 'நம்ம ஊர்' என்று குழந்தை ஒருநாள் தானாகவே சொல்லும். அதுவரை பெரியவர்கள் பொறுத்திருக்க வேண்டும்.