புளூஸும் ஆலிவர் நெல்சனும்

அமெரிக்காவின் தென்பகுதிப் பருத்தி வயல்களில் உழைத்த கறுப்பின மக்களிடையே பிறந்த இசை புளூஸ். அதன் யாப்பு மிகக் குறுகியது. நான்கு தட்டுக் கொண்ட அளவு ஒன்றைப் 'பார்' என்பர். அத்தகைய பார்கள் பன்னிரண்டு சேர்ந்தது ஒரு சுற்று. பாடுபவர் முதலடியைப் பாடி, அதனையே மீண்டும் பாடி, மூன்றாம் அடியில் அதற்கு முடிவு கூறுவார். அடிதோறும் எஞ்சும் இடத்தில் இசைக்கருவி மறுமொழி சொல்லும். அடிப்படையான சுரக்கூட்டுகளும் மூன்றே.

இத்துணை எளிய வடிவத்தில் இசையை முறையாகக் கற்றுத் தேர்ந்த ஒருவருக்கு என்ன வேலை? புலமையை ஏற்றினால் பாட்டின் உயிர் போய்விடாதா? இவ்வினாவுக்கு ஜாஸ் உலகம் தந்த சிறந்த விடைகளுள் ஒன்று, 1961 பிப்ரவரி 23ஆம் நாள் ஒரே நாளில் பதிவு செய்யப்பெற்ற 'தி புளூஸ் அண்டு தி ஆப்ஸ்டிராக்ட் ட்ரூத்' என்னும் இசைத்தட்டு. ஆறு உருப்படிகளையும் ஆக்கியவர் ஆலிவர் நெல்சன். 1932இல் செயின்ட் லூயிஸ் நகரில் பிறந்து, அந்நகர்ப் பல்கலைக்கழகத்தில் இசை பயின்றவர். தமக்குத் தாம் உண்மையாக இருத்தல் வேண்டும் என்பதை இப்பதிவின்போதுதான் முற்றும் உணர்ந்ததாக அவரே இத்தட்டின் உறையில் எழுதியுள்ளார்.

முதல் உருப்படியான 'ஸ்டோலன் மோமெண்ட்ஸ்' ஒன்றே அவர் திறத்துக்குச் சான்றாகும். அதன் பல்லவி போன்ற முகப்புப் பகுதி பன்னிரண்டு பார் அன்று, பதினாறு. அதுவும் எட்டு, ஆறு, இரண்டு எனச் சமமின்றிப் பிரிகின்றது. ஊதுகருவிகள் நெருங்கி இணைந்து மெல்ல ஏறி இறங்குகையில், கேட்போர் இதனைப் புளூஸ் என்று ஐயுறவும் மாட்டார். முகப்பு முடிந்து தனியிசை தொடங்கியதும் பழைய பன்னிரண்டு பார் சுற்று வந்து விடுகின்றது. வாயிலைப் புதிதாக எழுப்பிய சிற்பி, உள்ளே பழைய வீட்டை அப்படியே விட்டு வைத்தார் எனலாம்.

அவ்வீட்டில் நால்வர் அடுத்தடுத்துப் பேசுகின்றனர். முதலில் பிரெடி ஹப்பர்டின் டிரம்பெட். அன்று அவருக்கு வயது 22. அடுத்து எரிக் டால்பியின் புல்லாங்குழல். பின்னர் நெல்சனே டெனர் சாக்சபோனை ஊதுகின்றார். விரைவு காட்டாமல், சில சுரங்களையே திருப்பித் திருப்பி அடுக்கிச் செல்லும் அவ்வாசிப்பு, வெண்பாவின் தளை பிறழாமல் புதுப்பொருள் சொல்லும் புலவனை நினைவூட்டும். இறுதியில் பில் எவன்ஸின் பியானோ. அவரும் பாஸ் வாசிக்கும் பால் சேம்பர்ஸும், 1959இல் மைல்ஸ் டேவிஸ் பதிவு செய்த 'கைண்ட் ஆஃப் புளூ' தட்டிலும் பங்கு கொண்டவர்கள். ராய் ஹெய்ன்ஸின் முழவுகள் ஒருபோதும் பிறர் பேச்சை மறிப்பதில்லை. பாரிடோன் சாக்சபோன் ஊதிய ஜார்ஜ் பேரோவுக்குத் தனியிசையே இல்லை. ஆனால் அவரது கனத்த அடிக்குரல் இன்றேல் ஊதுகருவிகளின் கூட்டொலி மெலிந்து போயிருக்கும். பாராட்டுரைகளில் அவர் பெயர் விடுபடுவது முறையன்று.

'ஹோ டவுன்' போன்றவை புளூஸ் வடிவின அல்ல. அவை விரைந்து கேட்டு மகிழத் தக்கவை. புளூஸின் ஆழத்தை நாடுவோர் கடைசி உருப்படியான 'டீனிஸ் புளூஸ்' பக்கம் செல்லுதல் வேண்டும். நெல்சன் தம் சகோதரியின் பெயரால் அமைத்தது அது. அதில் நெல்சன், டால்பி இருவரும் ஒரே கருவியை, ஆல்டோ சாக்சபோனை, ஊதுகின்றனர். நெல்சன் அளந்து பேசுகின்றார். டால்பியோ தாவுகின்றார், கூவுகின்றார், சில இடங்களில் மனிதக் குரலே போல் விம்முகின்றார். இசை நெறி தவறிய ஒலி என்று டால்பியை அக்காலத்தில் பழித்தோர் பலர். ஆயினும் அவர் எவ்வளவு தொலைவு பறந்தாலும், விரல்விட்டு எண்ணிக்கொண்டே கேட்பவருக்குப் பன்னிரண்டாம் பார் முடியும் இடம் தெளிவாகவே புலப்படும்.