பூசணி வயலில் கொடி எங்கே?

அக்டோபர் மாதச் சனிக்கிழமை ஒன்றில், மூன்று வயது மகளை முதன்முறையாகப் பூசணி வயலுக்கு அழைத்துப் போனோம். நாங்கள் வசிக்கும் இல்லினாய் மாநிலத்தில்தான் அமெரிக்காவிலேயே அதிகமாகப் பூசணி விளைகிறது. டிராக்டர் இழுத்த வண்டியில், வைக்கோல் கட்டுமேல் உட்கார்ந்து வயலுக்குள் போய் இறங்கினோம். சுற்றிலும் ஆரஞ்சு நிறக் காய்கள். பச்சையாக ஓர் இலைகூட இல்லை.

"செடி எங்கேப்பா?" என்றாள் மகள்.

சரியான கேள்வி. ஒரு காயைப் புரட்டி, சணல் கயிறு போல் காய்ந்து கிடந்த கொடியைக் காட்டினேன். அது தன் வேலையை முடித்து வாடிவிட்டது. ஜூன் வாக்கில் விதை ஊன்றினால், காய் முற்ற ரகத்துக்கேற்ப 90 முதல் 120 நாள் ஆகும். அக்டோபரில் வருகிறவர்கள் பார்ப்பது கதையின் கடைசிப் பக்கத்தை மட்டும்தான். கதை நடந்தது கோடையின் விடியற்காலைகளில்.

பூசணிக் கொடியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. முதலில் மலர்வது ஆண் பூ. ஒரு வாரம் போலப் பிந்தித்தான் பெண் பூ வரும். இதழுக்குக் கீழே கோலிக்குண்டு போல் ஒரு பிஞ்சு இருந்தால் அது பெண் பூ. எந்தப் பூவானாலும் அதன் ஆயுள் ஒரே காலை. விடியும்போது விரிந்து, உச்சிப்பொழுதுக்குள் சுருண்டுவிடும். மகரந்தமோ கனமானது, பிசுபிசுப்பானது. காற்று அதைத் தூக்கிப் போகாது. அந்தச் சில மணி நேரத்துக்குள் தேனீ வரவில்லையென்றால் பிஞ்சு மஞ்சளித்து உதிரும். போதிய மகரந்தம் சேராவிட்டால் காய் கோணலாக வளரும்.

இந்த வேலைக்கென்றே ஒரு தேனீ இருக்கிறது. பூசணித் தேனீ என்று சொல்லலாம். அதற்குக் கூடும் இல்லை, ராணியும் இல்லை. ஒவ்வொரு பெண் தேனீயும் தனியாக, பெரும்பாலும் பூசணிக் கொடிகளுக்கு இடையிலேயே மண்ணைத் தோண்டி வளை அமைக்கிறது. குஞ்சுக்கு உணவாகப் பூசணிப் பேரினத்தின் மகரந்தத்தை மட்டுமே சேர்க்கும். சாதாரணத் தேனீ கிளம்புவதற்கு முன்பே இது வயலில் வேலையைத் தொடங்கிவிடும். ஆண் தேனீக்கள் துணை தேடிப் பூவுக்குப் பூ அலைந்து, பூ மூடும்போது அதற்குள்ளேயே தூங்கிப்போகும். ஜூலை மாத மதியத்தில் மூடிய பூவை மெல்ல அழுத்தினால் உள்ளே ரீங்காரம் கேட்கும். எனக்குப் பூசணி வயலின் ஆகப் பெரிய அதிசயம் அதுதான்.

மெக்சிகோவின் ஓஹாக்கா பகுதியில் ஒரு குகையில், மனிதர் பயிரிட்ட பூசணியின் சுமார் 10,000 ஆண்டுப் பழமையான விதைகள் கிடைத்திருக்கின்றன. உழவர்கள் பூசணியை வடக்கே கொண்டுபோகப் போக, இந்தத் தேனீயும் பின்னாலேயே பரவி வந்தது.

நம் ஊர்ப் பரங்கிக்காயும் இதே பேரினம்தான். கடல் தாண்டி வந்ததை அதன் பெயரே சொல்கிறது. ஆயுத பூசைக்கு உடைக்கும் வெண்பூசணி வேறு பேரினம். அது ஆசியாவுக்கு உரியது. முகம் செதுக்கி விளக்கேற்ற வாங்கும் வயல் பூசணி நாரும் நீருமாக இருக்கும், ருசி குறைவு. இங்கே டப்பாவில் அடைத்து விற்கும் பூசணி விழுதுக்குப் பயன்படும் டிக்கின்சன் ரகம் நம் பரங்கியின் இனத்தையே சேர்ந்தது.

மகள் தேர்ந்தெடுத்த காயை நகத்தால் கீறிப் பார்த்தேன். தோலில் நகம் இறங்கவில்லை; முற்றிய காய். காம்பைப் பிடித்துத் தூக்கப் போனவளைத் தடுத்து, அடியில் கை கொடுத்துத் தூக்கச் சொன்னேன். காம்பு ஒடிந்தால் அந்தப் புண் வழியாக அழுகல் ஏறிவிடும்.

"அந்தத் தேனீ எங்கே?" என்றாள் அடுத்து.

எங்கள் காலுக்குக் கீழே. கோடையில் தாய்த் தேனீ இட்ட முட்டைகள் புழுக்களாகி, மண்ணுக்குள் தனித்தனி அறைகளில் அடுத்த கோடைக்காகக் காத்திருக்கின்றன. வயலை ஆழ உழுதால் அவற்றில் பல அழிந்துபோகும். இதைச் சொன்னதும், வண்டி வரைக்கும் அவள் பாதத்தை மெதுவாக எடுத்து வைத்தே நடந்தாள்.